கல்லறை பாக்கப் போலாமா? என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்டு ப்ளான் போடுற டிராஃப்ட்ஸ்மேன். எங்க அக்கா கல்யாணமாகி பாண்டி போய் அங்கேருந்து பிரான்ஸ் போயிட்டாங்க, அவங்களைப் பாக்கப் போறப்பல்லாம் லீவு நாள்ல நான் பெரிய ஆர்க்கிடெக்ட்டுங்க கட்டின கல்லறைகளைத் தேடிப் போவேன். இது தெரிஞ்சதும் சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, எங்க தெரு பசங்கன்னு எல்லாரும் அதே சந்தேகங்களைத்தான் மாத்தி மாத்தி கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

கல்லறையைப் போய் யாராவது டூர் மாதிரி பாப்பாங்களா?

நீங்களே பாத்திருப்பீங்க. தாஜ்மஹால் என்ன? ஷாஜகான் மும்தாஜுக்குக் கட்டின கல்லறைதானே. டெல்லியில ஹுமாயூன் கல்லறை, பிஜாப்பூர்ல கோல் கும்பஸ், எல்லாமே அதான். மெட்ராஸ் போனா மெரினாவுல அண்ணா சமாதி, எம்ஜிஆர் சமாதி பாக்காம ஊர் திரும்பின குடும்பம் நம்ம பக்கத்துல எத்தனை இருக்கும்? சின்ன வயசுல எம்ஜிஆர் சமாதியில காதை வெச்சு, உள்ள வாட்ச் ஓடுற சத்தம் கேக்குதான்னு நானும் வரிசையில நின்னு பாத்திருக்கேன். அதனால இது புதுப் பழக்கம் இல்ல. இதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஒரு கட்டடமா யோசிச்சுப் பாத்திருக்க மாட்டோம், அவ்ளோதான்.

ஆர்க்கிடெக்ட் கட்டின கல்லறைன்னு சொல்றீங்களே, சாதா கல்லறைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் கல்லுதானே?

சாதாரணமா கல்லறைன்னா ஒரு குழி, மேல ஒரு பலகைக் கல்லு, பேரு, தேதி, கொத்தனார் ரெண்டு நாள்ல முடிச்சிடுவார். அது இறந்தவருக்கான அடையாளம். நல்ல ஆர்க்கிடெக்ட் யோசிக்கிறது அங்க நடந்து வர்றவங்களைப் பத்தி. கேட்டுலேருந்து குழி வரைக்கும் அழுதுக்கிட்டு வர்ற ஒருத்தருக்கு கால் எங்க தயங்கும், கண்ணு எங்க போகும், எங்க உக்காரணும்னு தோணும், இதெல்லாம்.

ஒரு உதாரணம் சொல்றேன். ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம் பக்கத்துல ஸ்கூக்ஸ்ஷிர்க்கோகோர்டன்னு ஒரு காட்டுக் கல்லறை இருக்கு, குன்னார் ஆஸ்ப்லுண்டும் சிகுர்ட் லெவரென்ட்ஸும் சேர்ந்து செஞ்சது. 1915ல போட்டி வெச்சு அவங்களைத் தேர்ந்தெடுத்தாங்க, வேலை 1940 வரைக்கும் நடந்துச்சு. அங்க ஒரு சின்ன மேட்டு மேல மரத்தோப்பு இருக்கு, தனியா உக்காந்து மனசை ஆத்திக்கிறதுக்கு. அதுக்கு ஏர்ற படிக்கட்டுல மேல போகப் போக படி உயரம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். வீட்டுல நாங்க படி போட்டா எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்கணும், அரை இஞ்ச் மாறினாலும் மேஸ்திரியைத் திட்டுவோம். இங்க வேணும்னே மாத்தியிருக்காங்க, மேல போறப்ப மூச்சு வாங்கக்கூடாது, அமைதியா போய்ச் சேரணும்னு. ஏறுறவங்களுக்கு அது தெரியாது, காலுக்கு மட்டும் தெரியும்.

இதெல்லாம் வெளிநாட்டுல. நம்ம பக்கம் அந்த மாதிரி எதுவும் கிடையாதே?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். பள்ளிப்படைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? சோழ ராஜா இறந்தா அவரைப் புதைச்ச இடத்துல, இல்ல அவர் நினைவா, கட்டுற கோயில். வேலூர் பக்கம் மேல்பாடியில ராஜராஜ சோழன் தன் தாத்தா அரிஞ்சயனுக்குக் கட்டினது இருக்கு. கும்பகோணம் பக்கம் பட்டீஸ்வரத்துல ராஜேந்திர சோழன், தன் அப்பாவோட ராணி பஞ்சவன்மாதேவிக்குக் கட்டின பள்ளிப்படை இருக்கு. பெத்த அம்மாவுக்கு இல்ல, சித்தி முறை ஆகுறவங்களுக்கு. கடலூர்லேருந்து காலையில கிளம்பினா சாயந்தரம் திரும்பிடலாம். சின்னக் கோயில்தான், கூட்டமே இருக்காது.

அதுக்கும் முன்னாடி போகணும்னா முதுமக்கள் தாழி. பாண்டி பக்கத்துல சுத்துக்கேணியில பிரெஞ்சுக்காரங்க தோண்டி எடுத்த பெருங்கற்கால ஈமக்குழிகள் இருந்திருக்கு. அப்புறம் ஈசிஆர்ல மெட்ராஸ் போற வழியில கல்பாக்கம் ஒட்டி சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, உள்ள டச்சுக்காரங்க கல்லறை, ஒவ்வொரு கல்லுலயும் அவ்ளோ ஆழமான செதுக்கல். மெட்ராஸுக்கு வடக்க பழவேற்காட்டுல டச்சுக் கல்லறை வாசல்ல எலும்புக்கூடே செதுக்கி வெச்சிருக்காங்க. மகாபலிபுரம் வரைக்கும் போறவங்க சதுரங்கப்பட்டினத்துல ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தினா போதும்.

சரி, பாண்டி கடலூருக்குள்ளயே ஆரம்பிக்கணும்னா எங்க?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்னிக்கு பாண்டி உப்பளம் கல்லறைக்கு சாயந்தரமா போங்க. நான் எந்தப் பெரிய ஆர்க்கிடெக்ட் வேலையைப் பாக்குறதுக்கு முன்னாடியும் அங்கதான் கத்துக்கிட்டேன். போன தடவை ஒரு பாட்டி தேங்கா நாரால கல்லைத் தேச்சுக் கழுவிட்டு, செவந்தியைக் கிள்ளி எழுத்து மேல ஒவ்வொண்ணா அடுக்குனாங்க, பேரே பூவுல தெரியுற மாதிரி. மெழுகுவத்தி காத்துக்கு நிக்கல, ரெண்டு செங்கலை சாய்ச்சு வெச்சு மறைப்பு கட்டுனாங்க. கல்லறையில வர்றவங்களுக்கு என்ன தேவைன்னு அந்த ரெண்டு செங்கல்ல இருக்கு.

அப்புறம் பாண்டியிலேயே கப்ஸ் கோயில்னு சொல்ற பழைய சர்ச் பக்கம். 1783ல கடலூரை இங்கிலீஷ்காரன் முற்றுகை போட்டப்ப கோட்டைக்குள்ள இருந்து எதிர்த்து நின்ன பிரெஞ்சு தளபதி புஸ்ஸி, ரெண்டு வருஷத்துல, 1785ல, பாண்டியிலேயே இறந்துட்டார். அவர் கல்லறை அந்தப் பக்கத்துப் பழைய கல்லறையிலதான். கடலூர்க்காரங்க யாருக்கும் இது தெரியறதில்ல. ஆசிரமத்துல அரவிந்தர் சமாதி இன்னொரு வகை. அவர் 1950ல, அன்னை 1973ல, ரெண்டு பேரும் ஒரே சமாதியில மேலயும் கீழயும். கட்டடம்னு பெருசா ஒண்ணுமே இல்ல, ஒரு முற்றம், ஒரு மரம், வெள்ளைக் கல்லு, தினமும் மாறுற பூ. ஆனா அந்த முற்றத்துக்குள்ள காலை வெச்சதும் எல்லாரும் தானா குரலை எறக்கிடுறாங்க பாருங்க.

பீச் ரோட்டுல இருக்குற பிரெஞ்சு போர் நினைவுச் சின்னத்தை நெறைய பேர் கல்லறைன்னு நினைக்கிறாங்க. அங்க யாரையும் புதைக்கல, முதல் உலகப் போர்ல இறந்தவங்க நினைவுக்குக் கட்டினது.

வடலூரும் சமாதிக் கணக்குல வருமா?

சமாதின்னு சொல்லாதீங்க, அங்க வர்றவங்க மனசு நோகும். வள்ளலார் 1874 ஜனவரி 30 ராத்திரி மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துல அறைக்குள்ள போனார், ஒளியில கலந்துட்டார்னுதான் நம்புறவங்க சொல்வாங்க. வடலூர்ல இருக்குற எண்கோண சத்திய ஞான சபை வழிபாட்டு இடம். ஆனா ஒரு மனுஷன் இல்லாமப் போனதை ஒரு அறை எப்படி ஞாபகம் வெச்சிருக்குன்னு பாக்கணும்னா மேட்டுக்குப்பம் போங்க. தைப்பூசத்துலேருந்து ரெண்டு நாள் கழிச்சு அந்த அறை தரிசனம், கூட்டம் அலைமோதும், அதுக்குத் தயாரா போங்க.

தீட்டு இல்லையா? திரும்பி வந்து தலைக்குக் குளிக்கணுமா?

எங்க அம்மா உயிரோட இருக்குற வரைக்கும் நான் உப்பளம் போயிட்டு வந்தா வாசல்லயே தண்ணி எடுத்து வெச்சிருப்பாங்க, நான் குளிச்சிட்டுத்தான் உள்ள போவேன். பாரிஸ்ல இருந்தப்ப குளிக்கல. ஒண்ணும் ஆகல. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு மனசு சரியில்லன்னா குளிச்சிடுங்க, அதுக்காக சண்டை போட வேணாம். இதைக் காரணமா வெச்சு போகாம மட்டும் இருக்காதீங்க.

குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போலாமா, பயந்துக்குமே?

குழந்தைங்க பயப்படறதில்ல, நாமதான் சொல்லிச் சொல்லி பயமுறுத்துறோம். ஆனா இடத்தைப் பாத்துக்கங்க. ஆசிரமத்துல 3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களை விட மாட்டாங்க. ஓடி விளையாடுற வயசுன்னா சதுரங்கப்பட்டினம் மாதிரி யாரும் அழுதுக்கிட்டு இல்லாத பழைய இடமாப் போங்க.

போட்டோ எடுக்கலாமா? ரீல்ஸ் போட்டா தப்பா?

கட்டடத்தை எடுக்கலாம், அழுறவங்களை எடுக்கக்கூடாது, புதுசா மண்ணு மூடுன குழியை எடுக்கவே கூடாது, நான் வெச்சிருக்குற கணக்கு இவ்ளோதான். ஆசிரமத்துல அனுமதி இல்லாம கேமராவே எடுக்கக்கூடாது. சமீபத்துல இறந்தவங்க பேரு, போட்டோ பதிச்ச கல்லு ஃப்ரேம்ல வந்தா கொஞ்சம் நகந்து எடுங்க. நம்ம அப்பா கல்லறை முன்னாடி முன்பின் தெரியாத ஒருத்தர் சாய்ஞ்சு நின்னு போஸ் குடுத்தா நமக்கு எப்படி இருக்கும்? ரீல்ஸுக்கும் அதே பதில்தான்.

நாம பாத்துக்கிட்டிருக்கப்ப ஒரு சாவு வந்துட்டா?

வரும். நல்லா கட்டின கல்லறைகள் முக்கால்வாசி இன்னும் புழக்கத்துல இருக்குறதுதான். ஸ்டாக்ஹோம்ல நான் நின்னப்ப ஒரே காலையில மூணு வந்துச்சு. பையை எறக்கி வெச்சிட்டு, போனை உள்ள வெச்சிட்டு, பாதையை விட்டு ஓரமா நில்லுங்க, அவங்க தாண்டிப் போற வரைக்கும். நாம விருந்தாளி, அவங்களுக்கு அன்னிக்கு வேற நாள் கிடையாது. அந்தக் கட்டடம் என்ன செய்யுதுன்னு எனக்குப் புரிஞ்சதும் அன்னிக்கு ஓரமா நின்னப்பதான்.

பாரிஸ்ல எங்க சித்தி இருக்காங்க, ஒரு நாள்தான் டைம், எங்க போறது?

பெர் லாஷேஸ். 1804ல திறந்தது, ப்ரோன்யார்ங்கிற ஆர்க்கிடெக்ட் ப்ளான் போட்டது, 44 ஹெக்டேர் மேடும் பள்ளமும், டிக்கெட் கிடையாது, அதே பேர்ல மெட்ரோ ஸ்டேஷன் இருக்கு. அதுக்கு முன்னாடி பாரிஸ்ல கோயிலை ஒட்டியே புதைச்சு புதைச்சு நாத்தம் தாங்காம ஊருக்கு வெளிய கொண்டு போனாங்க, அப்பதான் கல்லறையை ஒரு தோட்டமா யோசிக்க ஆரம்பிச்சாங்க. ஆஸ்கர் வைல்டு கல்லறைக்கு ஜேக்கப் எப்ஸ்டைன் செதுக்கின சிறகு வெச்ச உருவம் இருக்கு, வர்றவங்க லிப்ஸ்டிக் முத்தம் குடுத்து குடுத்து கல்லே கெட்டுப் போய் 2011ல கண்ணாடித் தடுப்பு வெச்சுட்டாங்க. கையை வைக்காதீங்கன்னு சொன்னா கேக்காதவங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ரெண்டு நாள் கிடைச்சா வடக்க நோவ் ஷாப்பெல் போங்க. முதல் உலகப் போர்ல பிரான்ஸ் பக்கம் செத்து, கல்லறை தெரியாமப் போன இந்திய சிப்பாய்ங்க சுமார் 4,700 பேரோட பேரை வட்டமான சுவர்ல செதுக்கியிருக்காங்க, ஹெர்பர்ட் பேக்கர் டிசைன், 1927ல திறந்தது. டெல்லி செக்ரட்டேரியட் கட்டினவரும் அவர்தான். அவ்ளோ தூரத்துல நம்ம நாட்டு ஆளுங்க பேரை விரலால தடவிப் படிக்கிறப்ப எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

எப்பப் பாத்தாலும் பிரியோன் பிரியோன்னு சொல்றீங்களே, அப்படி அங்க என்ன இருக்கு?

இத்தாலியில வெனிஸுக்கு வடமேற்க சான் வீதோன்னு ஒரு சின்ன கிராமம். பிரியோன்வேகாங்கிற ரேடியோ, டிவி கம்பெனியை ஆரம்பிச்ச ஜியுசெப்பே பிரியோன் 1968ல இறந்தார், அவர் மனைவி ஒனொரினா அவருக்குக் கல்லறை கட்டுற வேலையை கார்லோ ஸ்கார்ப்பாங்கிற ஆர்க்கிடெக்ட்கிட்ட குடுத்தாங்க, அவர் கிட்டத்தட்ட பத்து வருஷம் அதையே செஞ்சார். ஊர்க் கல்லறையை ரெண்டு பக்கம் கட்டிப் பிடிச்ச மாதிரி எல் வடிவத்துல இருக்கு. உள்ள நுழைஞ்சதும் சுவர்ல ஒண்ணோட ஒண்ணு கோத்த ரெண்டு வட்டம், அதுக்குள்ளாற பச்சைப் புல்வெளி. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரோட கல்லுப் பெட்டியும் ஒரு வளைவுக்குக் கீழ, ஒருத்தர் பக்கம் ஒருத்தர் சாய்ஞ்ச மாதிரி. அதைப் பாத்துட்டு நான் கொஞ்ச நேரம் புல்லு மேலயே உக்காந்துட்டேன்.

என் தொழில் கண்ணுக்குப் பட்டது வேற ரெண்டு. ஒண்ணு, காங்கிரீட். சென்ட்ரிங் பலகையோட நரம்பு கூட அப்படியே பதிஞ்சிருக்கு, நாமன்னா பூச்சு பூசி மறைச்சிடுவோம், அவர் அதையே அழகாக்கியிருக்கார். ஓரமெல்லாம் படிப்படியா மடிப்பு, எல்லாமே 5.5 சென்டிமீட்டர் கணக்கு. ரெண்டாவது, வலது பக்க நடைபாதையில ஒரு கண்ணாடிக் கதவு. அது பக்கவாட்டுல திறக்காது, கையால கீழ அழுத்தணும், தரைக்குள்ள எறங்கும். கப்பியும் எடைக்கல்லும் சுவருக்கு வெளிப்பக்கம் தெரியுற மாதிரியே மாட்டியிருக்கு. நம்ம ஊர் கெணத்துக் கப்பி மாதிரி. அந்தப் பக்கம் தண்ணிக்கு நடுவுல தனியா உக்கார ஒரு மண்டபம். அங்க போகணும்னா குனிஞ்சு, உடம்பு பலத்தைப் போட்டு ஒரு கதவை எறக்கணும், சும்மா நடந்து போயிட முடியாது. முதல்ல சொன்ன படி உயரம் மாதிரிதான் இதுவும்.

பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் காஸ்தல்பிராங்கோ வெனெதோ, அங்கேருந்து பஸ் இல்ல டாக்ஸி. 2022ல அந்தக் குடும்பம் இதை எஃப்ஏஐங்கிற இத்தாலிய அறக்கட்டளைக்குக் குடுத்துட்டாங்க, திறந்திருக்கும் நேரத்தை அவங்ககிட்ட பாத்துட்டுக் கிளம்புங்க.

மோதெனாவுல ஒரு செவப்பு பில்டிங் போட்டோ பாத்தேன், ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல, கூரை இல்ல. பாதியில விட்டுட்டாங்களா?

அது இத்தாலியில இருக்குற சான் கத்தால்தோ கல்லறை, ஆல்தோ ரோஸ்ஸிங்கிற ஆர்க்கிடெக்ட் 1971ல டிசைன் பண்ணது. கல்லறை மொத்தமும் முடியலங்கிறது உண்மைதான், ஆனா அந்தச் செவப்புக் கட்டடம் அப்படியேதான் இருக்கணும்னு கட்டினது. வீடு மாதிரி ஜன்னல் வரிசை, உள்ள தளம் இல்ல, கதவு இல்ல, மேல வானம். இறந்தவங்க வீட்டுக்குக் கூரை எதுக்கு? அந்த வருஷம்தான் ரோஸ்ஸி கார் விபத்துல எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தார், உடம்பை எலும்புக்கூடா யோசிச்சதுலேருந்து இந்த டிசைன் வந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். எல்லாருக்கும் பிடிக்காது. எனக்கே முதல் தடவை பிடிக்கல.

இந்த ஆர்க்கிடெக்ட்டுங்க தங்களுக்கும் கட்டிக்கிட்டாங்களா?

லெ கொர்பூசியே கட்டிக்கிட்டார். சண்டிகர் ப்ளான் போட்டவர். 1957ல மனைவி இறந்ததும் தெக்கு பிரான்ஸ்ல ரோக்ப்ரூன் மலை மேல கடலைப் பாத்த மாதிரி ரெண்டு பேருக்கும் சேத்து அவரே டிசைன் பண்ணார், 1965ல அதே கடல்ல நீந்துறப்ப இறந்து அங்கேயே வந்து சேந்தார். வியன்னாவுல ஆடால்ஃப் லூஸ் கல்லறை சும்மா ஒரு கிரானைட் கட்டை, பேரு மட்டும்.

ஸ்கார்ப்பா 1978ல ஜப்பான்ல படிக்கட்டுல விழுந்து இறந்தார். பிரியோன் கல்லறைக்கும் ஊர்க் கல்லறைக்கும் நடுவுல ஒரு மூலையில, அவர் ஆசைப்பட்டபடி, வெள்ளைத் துணி சுத்தி நின்ன வாக்குலயே புதைச்சிருக்காங்க, கல்லு டிசைன் அவர் பையன் தோபியா. பார்சிலோனா பக்கம் இகுவாலாதா கல்லறையை கார்மே பினோஸோட சேந்து செஞ்ச என்ரிக் மிராயெஸ் 2000ல சின்ன வயசுலயே இறந்து அங்கதான் இருக்கார். ஆஸ்ப்லுண்டும் அவர் செஞ்ச காட்டுலயேதான்.

நாங்க எரிக்கிறவங்க. எங்களுக்கு இதுல பாக்க என்ன இருக்கு?

ஸ்டாக்ஹோம் காட்டுல ஆஸ்ப்லுண்ட் கடைசியா முடிச்சது ஒரு தகன மண்டபம்தான், 1940ல. பெரிய ஹாலோட தரை பெட்டி வெச்ச இடத்தைப் பாத்து லேசா சரியும், அதனால கடைசி வரிசையில இருக்குறவருக்கும் பெட்டி தெரியும். நம்ம மின் மயானத்துல எங்க நிக்கிறதுன்னே தெரியாம வெயில்ல நிக்கிறோம், உக்கார இடம் கிடையாது, சாம்பலுக்குக் காத்திருக்க நிழல் கிடையாது. எரிக்கிறவங்கதான் இதை முதல்ல பாக்கணும்னு நான் சொல்வேன். டெல்லி ராஜ்காட்டும் எரிச்ச இடம்தான், ஒரு கறுப்புக் கல்லு, நாலு பக்கம் புல்லு, வானு பூட்டா டிசைன் பண்ணது. வள்ளலார் எரிக்கக் கூடாது புதைக்கணும்னு சொன்னவர், அந்த விவாதமும் நம்ம மாவட்டத்துலேயே நடந்ததுதான்.

கல்லறையிலயும் சாதி பாக்குறாங்களே, அதைப் போய் எப்படி ரசிக்கிறது?

ரசிக்க வேணாம், ஆனா பாக்கணும். தமிழ்நாட்டுல சில கல்லறைத் தோட்டங்கள்ல நடுவுல சுவரே இருக்கு. அந்தச் சுவரையும் ஒருத்தர் ப்ளான்ல கோடு போட்டுத்தான் கட்டியிருப்பார், அதனால என் தொழில்ல இருக்குறவங்களுக்கு இதுல பங்கு இல்லன்னு சொல்ல முடியாது.

மாத்தி யோசிச்ச இடம் பாக்கணும்னா மெட்ராஸ் நந்தம்பாக்கம் போர்க் கல்லறை போங்க, 1952ல அமைச்சது. அதிகாரி, சிப்பாய் பேதம் இல்லாம எல்லாருக்கும் ஒரே அளவு கல்லு, அது இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட கொள்கை. ஆனா முதல் உலகப் போர்ல இறந்த ஆப்பிரிக்க, ஆசிய சிப்பாய்ங்களுக்கு பல இடத்துல அந்த சமத்துவம் கிடைக்கலன்னு 2021ல அந்த ஆணையமே ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டுச்சு. நோவ் ஷாப்பெல் சுவரைப் பாக்குறப்ப இதையும் மனசுல வெச்சுக்கங்க.

எங்க அப்பா கல்லறைக்கு நீங்க ஒரு டிசைன் போட்டுத் தரீங்களா?

இதுவரைக்கும் நாலு பேருக்குப் போட்டிருக்கேன். கல்லு, கலர், எழுத்து பத்தி முதல்ல கேக்க மாட்டேன். யார் வருவாங்க, எந்த நேரத்துக்கு வருவாங்க, எவ்ளோ நேரம் இருப்பாங்க, இதான் கேப்பேன். ஒரு அக்கா வீட்டுக்காரருக்கு கறுப்பு கிரானைட்தான் வேணும்னு பசங்க பிடிவாதமா இருந்தாங்க. அக்காவுக்கு முட்டி வலி, கீழ உக்காந்தா எழுந்திரிக்க முடியாது, வர்றதும் மூணு மணி பஸ்ஸுக்கு. அந்த நேரத்துல கறுப்பு கிரானைட்ல கை வைக்க முடியாது, கொதிக்கும். அதனால பேரு மட்டும் கிரானைட்ல, பக்கத்துல ஒண்ணரை அடி உயரத்துல காவி போட்டு இழைச்ச ஒரு சின்னத் திண்ணை, மேற்கு வெயில் படாம தலைமாட்டுச் சுவரை ஒரு முழம் தூக்கி விட்டேன். காத்துக்கு மெழுகுவத்தி அணையாம இருக்க அதே சுவர்ல ஒரு மாடம், ரெண்டு செங்கல் அகலத்துக்கு. உங்களுக்கும் வேணும்னா வாங்க, அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்க உக்கார்ற உயரத்தை அளக்கணும்.